தாயின் பெயர் கட்டாயம்

"எங்கம்மா பேரை இந்தப் பொட்டியில தட்டறதுக்கு நீ யாரும்மா?"

ரய்யிஸ் தர்வீஷ் மேசையில் ஓங்கி அறைந்ததில் சங்க எழுத்தர் ராண்டாவின் தேநீர் கிளாஸ் துள்ளிக் கவிழ்ந்தது. நல்லவேளை, கணினி தப்பியது.

"நான் யாருமில்ல ரய்யிஸ். கெய்ரோவில இருக்கற மெஷின் கேக்குது. அதுகிட்ட போய் அறைங்க."

ரய்யிஸ் என்றால் படகுத் தலைவர்; எஸ்பத் அல்-புர்ஜ் துறைமுகத்தில் பாதிப் படகுகள் அவர் சொல்லைத்தான் கேட்கும். ரய்யிஸ் கத்தினால் பின்னால் நிற்பவர்களும் கத்தியாக வேண்டும். கத்தினார்கள். மீனவர் சங்கத்தின் அந்த ஒற்றை அறை மீன் வாடையாலும் கூச்சலாலும் நிரம்பியது.

ராண்டாவுக்கு ஆத்திரம் வந்தது. இவர்களுக்கு இலவச மருத்துவ அட்டை வாங்கித் தரத்தான் இத்தனை பாடும். சங்கத்திடம் இருந்த உறுப்பினர் பட்டியல், காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் வரிகள். கெய்ரோ கேட்ட கோப்பின் வடிவம் வேறு. ஆளுக்கொரு கூடு வேண்டும். அதற்குள் பெயருக்கு ஓர் அறை, வயதுக்கு ஓர் அறை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு திறப்பு, ஒரு பூட்டு. யாரோ முகவரிக்குள் போட்டு வைத்த காற்புள்ளியால் வரியே நகர்ந்து, படகின் பெயர் வயது அறையில் போய் உட்கார்ந்திருந்தது. அதையெல்லாம் கண் எரிய எரியச் சரிசெய்து முடித்த பிறகுதான் இந்த வம்பு. 'தாயின் பெயர்' அறை கட்டாயம். ஒரே ஓர் ஆளுடையது காலி என்றாலும் மொத்தக் கோப்பும் திரும்பி வந்துவிடும். கெடு இன்று மதியத் தொழுகையோடு முடிகிறது.

"அம்மா பேரு வெளிய போச்சுன்னா நாளைக்கு மீன் சந்தையில அதைச் சொல்லித்தான் கிண்டலாக் கூப்பிடுவானுங்க," என்றான் பின்னால் நின்ற பஸ்யூனி. "என் கல்யாணத்துல பதிவு பண்ண வந்த ஷேக்குக்கே நான் காதுலதான் சொன்னேன்."

"ஒருத்தனும் வாயைத் தொறக்கக் கூடாது," என்றார் தர்வீஷ். "எல்லாரும் சேர்ந்து மாட்டோம்னா என்ன பண்ணுவாங்க? அந்தக் கட்டத்தையே எடுத்துட்டுப் போவாங்க."

"எடுக்க மாட்டாங்க ரய்யிஸ். இத்ரீஸோட உயிரைத்தான் எடுப்பாங்க!" ராண்டா எழுந்துவிட்டாள். "அவருக்குச் சிறுநீரகம் ரெண்டும் போச்சு. அட்டை இல்லாம யாரு ரத்தம் சுத்தம் பண்ணுவா? உங்க மானம் பண்ணுமா?"

மூலை நாற்காலியில் வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த இத்ரீஸ், சுவரைப் பிடித்து எழுந்தான். தர்வீஷின் படகில்தான் இருபது வயதிலிருந்து வலை இழுத்தவன்.

"நபவிய்யா," என்றான் உரக்க. "எங்கம்மா பேரு நபவிய்யா. சிரிக்கறவன் சிரிங்கடா."

ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்லிவிட்டு ராண்டாவின் காதில் குனிந்தான் பஸ்யூனி. இன்னொருவன் உள்ளங்கையில் எழுதிக் காட்டிவிட்டு உடனே எச்சில் தொட்டு அழித்தான். அறைகள் நிரம்பிக்கொண்டே வந்தன.

ஒன்று மட்டும் பாக்கி. தர்வீஷ் ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ரய்யிஸ், உங்களுதுதான்."

"மாட்டேன்."

"எல்லாரும் சொல்லியாச்சு. உங்கம்மா மட்டும் என்ன மகாராணியா?"

"மாட்டேன்னா மாட்டேன்."

"சரி, சொல்லவே வேணாம்!" ராண்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏதோ ஒரு பேரைப் போட்டுடறேன். யாரு பார்க்கப் போறா? மெஷினுக்கு அறை நெரம்பினா போதும். ஸைனப்னு போடட்டுமா?"

அவர் திரும்பினார். அந்த முகத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஏதோ ஒரு பேரா? அம்மாவுக்கா?" குரல் துறைமுகம்வரை கேட்டிருக்கும். "நாற்காலியில உக்காந்திருக்கறவங்களுக்கு அவ்வளவு மலிவாப் போச்சா? வாயில வந்ததை எழுதுவீங்க, ஒரு மனுஷன் ஆயுசு பூரா அதைச் சுமக்கணுமா?"

"இவருதான்யா மகன்!" பஸ்யூனி நெகிழ்ந்துபோனான். "பெத்தவ குடுத்து வச்சவ."

"மகன் நல்லாத்தான் இருக்காரு. இத்ரீஸ்தான் சாகப் போறாரு," என்று ராண்டா கணினியை அணைக்கப் போனாள். "நான் வீட்டுக்குப் போறேன். நீங்களாச்சு, உங்க ரோஷமாச்சு."

"இரும்மா."

தர்வீஷ் இத்ரீஸைப் பார்த்தார். மறுபடி நாற்காலியில் சரிந்திருந்த அவன் தலை நிமிரவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க," என்றார்.

இத்ரீஸைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்திய தர்வீஷ், அதன்மேலேயே சாய்ந்து நின்றார்.

"கரீமா."

ராண்டா தட்டினாள். அனுப்பினாள். கோப்பு ஏற்கப்பட்டதாகத் திரையில் பச்சை விழுந்தது. அப்போதும் அவள் கோபம் ஆறவில்லை.

"இந்த அழகான பேரைச் சொல்றதுக்கா இவ்வளவு ரகளை? உங்கம்மா கேட்டா அவங்களே உங்களைத் திட்டுவாங்க ரய்யிஸ்."

"அப்படி ஒருத்தி இருந்ததே இல்லம்மா," என்றார் அவர். "துமியாத்துல ஒரு மஸ்ஜித் வாசல்ல துணியில சுத்திக் கிடந்தேனாம். அம்மா பேரு காலியா இருந்தா மேலிடத்துல வாங்க மாட்டாங்கன்னு, அனாதை இல்லத்துல உன்னை மாதிரி ஒரு பொண்ணு ஏதோ ஒரு பேரைப் போட்டுட்டா."