மோக்கியின் கடைசி வசனம்

பீப். பீப். பீப்.

டிவியில் கார்ட்டூன் பையனின் கைக்கருவி அலறியதும், தோசையைத் திருப்பப் போன அவள் கை அப்படியே நின்றது.

உள்ளறையில் ஏதோ உருண்டு விழுந்தது. கலர் பென்சில் டப்பாவாக இருக்கும். மகள் மிருதுளா ஓடி வந்துவிட்டாள்.

சாப்பிட வா என்று இவள் எத்தனை நேரமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு அசையாத கால்கள்.

"வந்துட்டியா? உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றது டிவி.

"வந்துட்டேன்" என்றாள் மகள், டிவியிடம்.

பேசியது மோக்கி. நீல உடம்பு, ஒற்றைக் கொம்பு. கணினி உலகத்திலிருந்து குதித்து வந்து, ஜப்பான் பையன் ஒருவனுக்குத் துணையாக நிற்கும் குட்டிப் பூதம்.

தமிழில் மோக்கிக்குக் குரல் கொடுப்பது, அடுப்படியில் நிற்கும் அவள்தான்.

பகலெல்லாம் சாலிகிராமத்து டப்பிங் அறையில், மைக் முன்னால் நின்று மோக்கிக்காகக் கத்துவாள். சிரிப்பாள். கொஞ்சுவாள். மூக்கும் உச்சந்தொண்டையும் சேர்ந்து பிறக்கிற குரல் அது. ஒருமுறை கேட்டுவிட்டு, "யாரு, ஏதோ ஸ்கூல் பொண்ணா பேசுது?" என்றான் கணவன்.

வீடு திரும்பும்போது தொண்டையில் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சியதைச் செலவழித்தால் மறுநாள் மோக்கி கரகரக்கும். அதனால் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு கைதான் தட்டுவாள். ஒரு முறை தட்டினால், சாப்பிட வா. இரண்டு முறை என்றால், குளிக்கப் போ.

கொஞ்சுவதற்கு எப்படித் தட்டுவது என்று அவள் யோசித்ததில்லை.

கொஞ்சலெல்லாம் மோக்கிக்குப் போயிற்று.

சொல்லியிருக்கலாம். அது நான்தான்டி என்று, முதல் நாளே. ஒரு நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லி அசத்தலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம் பார்த்தாள். டிவியின் பக்கவாட்டில் காதை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உட்கார்ந்திருந்தாள் மகள். படத்தைக்கூடப் பார்க்கவில்லை. தன் மடியில் ஒருநாளும் அப்படிச் சாய்ந்ததில்லை.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று சைகையில் கேட்டபோது, மிருதுளா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"மோக்கி பேசற மாதிரி நம்ம வீட்டுல பேசணும்."

அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. வயிறு எரிந்தது.

ஒரு கார்ட்டூன் பூதத்தின் மேல். தன் தொண்டையிலேயே குடியிருந்துகொண்டு, தன் மகளையே பிடுங்கிக்கொண்ட ஒன்றின் மேல்.

போன மாதம் தொடரின் கடைசிப் பகுதிக்கு டப்பிங் நடந்தது. பையனைக் காப்பாற்றிவிட்டு மோக்கி தன் உலகத்துக்கே திரும்புகிறது. உடம்பு புள்ளி புள்ளியாக உதிர்கிறது.

தாளில் இருந்த வசனம், 'போயிட்டு வரேன்.'

அவள் மைக்கை நெருங்கினாள்.

"நான் போறேன்" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநர் ஜெரோம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, வீட்டைவிட்டுக் கிளம்புற யாராவது அப்படிச் சொல்வாங்களா? கொழந்தைங்க பாக்குறது."

"வாய் அசைவுக்கு அதுதான் சார் உக்காருது. நீளமா சொன்னா, வாய் மூடினப்புறமும் பேசிட்டிருக்கும்."

ஜெரோம் ஓட்டிப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"படுபாவி, ஊரையே அழ வச்சிடுவ போல" என்று சொல்லி, ஓகே பண்ணினார்.

'போயிட்டு வரேன்' என்றாலும் உட்கார்ந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும்.

அன்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது அப்படியொரு நிம்மதி. வீட்டில் நுழைந்த திருடனைத் தன் கையாலேயே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதுபோல.

இன்று ஒளிபரப்பு.

அவள் அடுப்பை அணைத்தாள். கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

மகள் அழுவாள். அழுகிற குழந்தை வேறு எங்கே போகும்? கை இரண்டும் காலியாக இருக்கட்டும். இதற்காகவே நாள் முழுக்கத் தொண்டையைச் சேர்த்து வைத்திருந்தாள். சொல்ல வேண்டியதும் தயார்.

அது போனாப் போகுது விடுடி. நான் இருக்கேன்ல.

டிவியில் இசை தாழ்ந்தது.

மிருதுளா வழக்கம்போலக் காதை ஒட்டி, கண்ணை மூடியிருந்தாள். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு.

பையன் அழுதான். மோக்கியின் கொம்பு உதிர்ந்தது. வால் உதிர்ந்தது.

"நான் போறேன்."

மிருதுளா கண்ணைத் திறந்தாள்.

திரையில் நீலப் புள்ளிகள் மேலே மேலே பறந்துகொண்டிருந்தன. அவள் மகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகச் சமையலறை வாசலுக்கு ஓடி வந்தாள்.

விரித்திருந்த கைகளுக்குள் வரவில்லை. இரண்டு முஷ்டியாலும் நைட்டியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா போறேன்னு சொன்ன?"