மேஜரின் வெள்ளிப் பிரஷ்

“மேஜர்னு மொட்டையா எழுதியிருந்தா எப்படி சம்பந்தி? மேஜருக்குன்னு ஒரு பேரு இருக்கணும் லா,” என்றார் பெர்னார்ட்.

சில்வெஸ்டர் தோல் பெட்டியை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தார். உள்ளே வெள்ளிப் பிடி போட்ட இரண்டு பிரஷ், ஒரு சீப்பு, சின்னக் கத்தரிக்கோல், நகம் ராவும் அரம், மடக்குச் சவரக் கத்தி. எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் ‘மேஜர்’ என்று செதுக்கியிருந்தது. அதற்கு மேல் ஓர் எழுத்து கிடையாது.

ஈப்போவை ஒட்டிய சிலிபினில், சில்வெஸ்டரின் வீட்டில் கல்யாணப் பேச்சு அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சில்வெஸ்டரின் மகன் கோலினுக்கும் பெர்னார்டின் மகள் ஆட்ரிக்கும் அடுத்த மாதம் கல்யாணம். சர்ச்சுக்குப் புறப்படும் முன் மாப்பிள்ளைக்கு இந்தப் பிரஷால் தலை சீவிவிடுவது எங்கள் குடும்ப வழக்கம் என்று சில்வெஸ்டர் பெருமையாகச் சொன்னார். அங்கேதான் வந்தது வினை.

பெர்னார்டின் தாத்தா ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். அந்தக் காலத்துத் தோட்டத்தில் டிரஸ்ஸர் என்றால் பாதி டாக்டர். அந்த மிடுக்கு பேரன் வரைக்கும் குறையாமல் வந்து சேர்ந்திருந்தது. யாரோ தலை சீவிய பிரஷ் என் மருமகன் தலையில் படக் கூடாது, ஆள் யார் என்று தெரிந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அதோடாவது விட்டிருக்கலாம்.

“உங்க தாத்தா பங்களா வேலைக்காரருதானே? எங்கயாச்சும் கெடந்தத எடுத்துட்டு வந்திருப்பாரு,” என்றார்.

சில்வெஸ்டருக்குச் சுருக்கென்றது. சந்தியாகு தாத்தாவைத் திருடன் என்று சொல்லாமல் சொன்னதாகவே அவருக்குப் பட்டது.

“வேலைக்காரருதான். ஆனா தொரை அவர மேஜருக்குன்னே வச்சிருந்தாரு. தாத்தா குளிப்பாட்டி, சீவி விட்டாத்தான் மேஜரு வெளிய வருவாரு. வேற யாரு கையாலயும் சாப்பிட மாட்டாரு. மேஜரு தவறினப்ப தொரையே கூப்பிட்டு இந்தப் பெட்டியக் குடுத்தாரு. தாத்தா எங்கப்பாகிட்ட சொன்னது இது.”

மேஜர் யாரென்று காட்டாமல் விடுவதில்லை என்று அவர் மறுநாளே கிளம்பிவிட்டார். ஊரெல்லாம் பத்திரிகை கொடுக்க வேண்டிய நேரத்தில் இந்த மனுஷன் செத்துப்போன வெள்ளைக்காரனைத் தேடி அலைகிறாரே என்று மனைவி பெட்ரீசியா தலையில் அடித்துக்கொண்டாள். செமோர் பக்கம் தாத்தா வேலை பார்த்த தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். பங்களா இருந்த மேட்டைக்கூடக் காணவில்லை. கடைசியில், ஈப்போவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் நைனா முகம்மதுவிடம் பெட்டியைக் கொண்டுபோனார்.

நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். அசல் வெள்ளி, இங்கிலாந்தில் செய்தது, பெரிய கனவான்கள் வைத்திருக்கிற சாமான் என்றார். ஒன்றுதான் அவருக்கு விளங்கவில்லை. பிரஷ் இரண்டும் தேயத் தேய உழைத்திருக்கின்றன. சவரக் கத்தி மட்டும் ஒருநாளும் தீட்டப்படாமல் புதுசாகவே கிடக்கிறது.

“மேஜரு தாடி வச்சிருந்திருப்பாருண்ணே,” என்றார்.

அன்றிலிருந்து சில்வெஸ்டரின் கற்பனையில் மேஜருக்கு நெஞ்சு வரை தாடி முளைத்துவிட்டது.

துப்புக் கிடைத்தது ஆட்ரியால்தான். தோட்டத் துரைமாரின் வாரிசுகள் கூடிப் பேசும் ஒரு பேஸ்புக் பக்கத்தில் பெட்டியின் படத்தைப் போட்டாள். அந்த வாரமே துரையின் மகளிடமிருந்து பதில் வந்தது. தொண்ணூறை நெருங்குகிறவர், அந்தப் பங்களாவிலேயே பிறந்தவர். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அடுத்த மரியாதை மேஜருக்குத்தான் என்று எழுதியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் அவர் இடம். சின்ன வயதில் அவர் முதுகில் ஏறி விளையாடியிருக்கிறேன். பங்களாத் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தோம், அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். சந்தியாகுவையும் மறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மாலை வீடியோவில் பேசுகிறேன்.

ஆட்ரி வாசித்துக் காட்டக் காட்ட பெர்னார்டின் மிடுக்கு இறங்கியது. ஞாயிறன்று ஜெலாப்பாங்கில் தன் வீட்டுக்கே எல்லோரையும் அழைத்து விருந்து வைத்தார். சில்வெஸ்டர் கொண்டுவந்த பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“தப்பாப் பேசிட்டேன் சம்பந்தி. மனசுல வச்சுக்காதீங்க லா,” என்றவர் கொஞ்சம் தயங்கினார். “கோலினுக்கு முன்னாடி நான் ஒருவாட்டி சீவிக்கவா?”

கண்ணாடி முன் நின்று, இருந்த நாலு முடியையும் அழகாகப் படிய வாரினார். மீசையையும் விடவில்லை. சில்வெஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தாத்தாவுக்கே மரியாதை செய்த மாதிரி இருந்தது அவருக்கு.

பிரஷ் இன்னும் பெர்னார்டின் கையில் இருக்கும்போதே ஆட்ரியின் கைப்பேசி அழைத்தது. திரையில் வந்த துரைமகள் எல்லோருக்கும் கையசைத்தார். சந்தியாகுவின் பேரன் யார் என்று கேட்டு, சில்வெஸ்டரைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுவரிலிருந்து ஒரு பழைய படத்தைக் கழற்றித் திரைக்கு அருகே கொண்டுவந்தார்.

படத்தில் சந்தியாகு தாத்தா வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றார். அவர் பிடித்திருந்த சங்கிலியின் மறுமுனையில், கன்றுக்குட்டி உயரத்தில், வாரிவிட்ட ரோமம் பளபளக்க, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மேஜர்.

“எங்க தாத்தா ஒருநாளும் ‘அது’ன்னு சொன்னதே இல்லையே சம்பந்தி,” என்றார் சில்வெஸ்டர்.