வலது கைத் துப்பாக்கி

மொன்டானாவில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த வெண்டெல் இப்படி ஒரு வாடிக்கையாளரைக் கண்டதில்லை. பளபளவென்றிருந்த பழைய வேட்டைத் துப்பாக்கிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, மரக்கட்டை விரிசல் விட்டு, குழல் துருப்பிடித்துக் கிடந்த ஒன்றை எடுத்தாள் அந்த இளம்பெண்.

“விலை கம்மின்னு பாக்குறியாம்மா?”

“கட்டையும் குழலும் எப்படியும் மாத்தப்போறதுதானே சார். குண்டேத்த இழுக்கிற போல்ட் உறுதியா இருந்தா போதும்.”

போல்ட்டை இழுத்துப் பார்த்தாள். “கொஞ்சம் இறுக்கமா இருக்கு. இதையே குடுங்க.”

“விவரமா ஆரம்பிச்சு, போல்ட் இறுகிப்போனதைக் கேட்டுக் கவுத்துட்டியே! இதை யாரு சரிபண்ணுவா?”

“ஹார்லன்.”

வெண்டெல் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஹார்லன் அவருடைய நெருங்கிய நண்பர். துப்பாக்கி வேலையில் கைதேர்ந்தவர். பக்கவாதம் வந்து எட்டு மாதமாக அவர் பட்டறை பூட்டிக் கிடந்தது.

“அவனுக்கு வலது கை விளங்கலையேம்மா. இடது கைக்காரங்க துப்பாக்கி ஒண்ணு இருக்கு, அதை எடுத்துட்டுப் போ.”

“வேண்டாம் சார். அவர் வலது கையாலதான் போல்ட்டை இழுக்கணும், துருவை ராவணும், கட்டையை இழைக்கணும். நான் அவரோட பிசியோதெரபிஸ்ட். பிசையச் சொல்லி ரப்பர் பந்து குடுத்தா என் மேலயே எறியிறார். அவர் வீட்டம்மாதான், வேலை நிறைய இருக்கிற துப்பாக்கியாப் பாத்து வாங்கிட்டு வரச்சொன்னாங்க.”

வெண்டெல் வாய்விட்டுச் சிரித்தார். கடைச் சாவியை எடுத்தார்.

“இரும்மா, நானும் வர்றேன். இப்படி ஒரு குப்பையை வித்தியாடான்னு அவன் என்னைத் திட்டுவான் பாரு, அதைக் கேட்டு எட்டு மாசமாச்சு!”