சுவரோடு ஒட்டி நின்ற கோல்

அணு உலையை அடுத்த குளத்தில், வேலை முடிந்த எரிபொருள் கோல்கள் சூடு தணிய நின்றுகொண்டிருந்தன. அவற்றில் மூத்த கோல் எப்போதும் முதுகைச் சுவரோடு ஒட்டியே நிற்கும். பழங்கதை பேசுவதில் மட்டும் அதற்குச் சலிப்பே கிடையாது.

"எங்க காலத்துல மில்லெல்லாம் மூணு ஷிஃப்டும் ஓடும். நாங்களும் ஒரே சீரா எரிவோம். கொஞ்சம் குறைச்சு எரின்னு ஒருத்தர் சொன்னதில்லை. டர்பைன் சத்தம் இருக்கே, தாலாட்டு மாதிரி இருக்கும்."

அன்றுதான் உலையிலிருந்து வந்திறங்கிய கோல் ஒன்று பெருமூச்சு விட்டது.

"கொடுத்துவெச்சவர்ண்ணே நீங்க. இப்போ ஊர்க் கூரையெல்லாம் சோலார் தகடு. வெயில் ஏறினா எங்களைத் தணிச்சுடுறாங்க. சாயங்காலமானா மறுபடி கொதிக்க விடுறாங்க. தினமும் வீங்கறதும் சுருங்கறதும்தான் பொழப்பு."

"ஐயோ, மேலுறை வெடிச்சுடுமே!" மூத்தது பதறியது. "எங்களை ஒரு தடவை அப்படித் தணிச்சுட்டு, திடீர்னு..." சட்டென்று நிறுத்திக்கொண்டது.

"எங்களுக்கு வெடிக்காதுண்ணே. உள்ளே இருக்கிற யுரேனிய வில்லைக்கு நடுவுல துளை விட்டிருக்காங்க. உறைக்கு உட்பக்கம் மெத்துனு ஒரு பூச்சும் உண்டு. எங்களைச் செஞ்ச இடத்துல ஒரு போட்டோ மாட்டியிருக்கு. முதுகுல வெடிப்பு விழுந்த பழைய கோல். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்களை இப்படிச் செஞ்சாங்களாம். அவர் எங்கே இருக்காரோ, பார்த்தா கும்பிடணும்."



மூத்த கோல் மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, இத்தனை நாள் சுவரோடு மறைத்திருந்த முதுகைப் புதுக் கோலுக்குக் காட்டியது.