குருவிக்கு விரித்த பாய்

“வா குருவி, உக்காரு. சூப்பு ஆறிடப் போகுது.”

சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர், பக்கத்துப் பாயைத் தட்டிக் காட்டினார். குருவி மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு, முழங்காலை மெல்ல மடக்கினாள். உட்காருவதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது.

இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில், கடல் தாண்டித் தொண்டு செய்ய வந்து, இந்த டிரைவர் வீட்டில் தங்கியிருப்பவள் அவள். பகலெல்லாம் மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டி, மூக்குத் துடைத்து, குனிந்து நிமிர்கிற வேலை. அந்த ஊர்ப் பேச்சு நாக்குக்குப் பழகிவிட்டது. தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் முழங்காலுக்குப் பழகவில்லை.

அதனால் இரண்டு வாய் கொத்திவிட்டு எழுந்துவிடுவாள். அதைப் பார்த்து டிரைவர் வைத்த பெயர்தான் குருவி.

“அது அவங்க வீட்டு வழக்கம். ஊரோட ஒத்து வாழணும்டி. போன இடத்துல முகத்தைச் சுளிக்காத” என்று அவளுடைய அம்மா போனில் சொல்லியிருந்தாள்.

எப்படிச் சுளிப்பாள்? விண்ணப்பத்தோடு அனுப்பிய படத்தில் அவள் குடும்பமே தட்டும் கையுமாகச் சிரித்தது. அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, அவள் வருவதற்கு முன்பே சுவரில் மாட்டிவைத்திருந்த வீடு இது.

அன்று சாப்பாட்டுக்குத் திட்டத்தின் பொறுப்பாளரும் வந்திருந்தாள். வாசலில் குருவி நடந்துவந்த நடையிலிருந்து அவள் கண் விலகவே இல்லை.

“என்னம்மா, காலை இழுக்கிற?”

“ஒண்ணும் இல்லக்கா. சும்மா பிடிச்சுக்கிச்சு.”

“முட்டி பூசணிக்காய் மாதிரி இருக்கு, சும்மாவாம்! நாளைக்கு டாக்டரைப் பாரு. இது குறையலன்னா உன்னை ஊருக்குத் திருப்பி அனுப்புறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல.”

குருவி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள். நாளைக்கு யார் அந்தப் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டுவார்கள்?

“ரொட்டி எடுத்துட்டு வரேன்” என்று டிரைவர் கையை ஊன்றி எழுந்தார். நிமிர்ந்த வேகத்தில், அறை நடுவே தாழத் தொங்கிய விளக்கில் ணங்கென்று தலையை இடித்துக்கொண்டார்.

“தினம் இதே கூத்துதான். விளக்கு என்ன, நேத்தா வந்துச்சு?” என்றாள் அவர் மனைவி.

“விளக்கு பழசுதான். என் தலை அங்க வர்றதுதான் புதுசு” என்று முனகினார். மனைவி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார்.

மனைவி உள்ளே போய், தன் தலையணையை எடுத்துவந்து குருவியின் முழங்காலுக்கு அடியில் வைத்தாள். “இப்போ வலிக்குதா கண்ணு?”

குருவிக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனசுக்கு முன்னால் மறைப்பதும் ஒரு பாவம்தான் என்று பட்டது.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. உங்க வழக்கத்தை நான் குறை சொல்லல. எனக்குத் தரையில உக்காந்து பழக்கமே இல்ல. எங்க வீட்ல எப்பவும் மேஜையிலதான் சாப்பிடுவோம்.”

ரொட்டிக் கூடையோடு வந்த டிரைவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அவர் மனைவியின் விரல் மெதுவாகச் சுவரைக் காட்டியது.

“அப்போ அந்தப் போட்டோ? எல்லாரும் தரையில உக்காந்துதானே சாப்பிடுறீங்க?”

“அதுவா? நாங்க வீடு மாறின அன்னிக்கு எடுத்ததும்மா. மேஜை ஏத்தின லாரி அப்போ வந்து சேரல.”

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி முந்திச் சிரித்துவிட்டாள்.

டிரைவர் கூடையைக் கீழே வைத்தார். வீங்கிய நெற்றியைத் தடவிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டு, பொறுப்பாளரைக் கூப்பிட்டார்.

“ஒரு கை பிடிம்மா, குருவிக்காக ஷெட்டுல கொண்டுபோய்ப் போட்ட எங்க மேஜையை உள்ள தூக்கிட்டு வந்துடலாம்!”