ஓடாத டிவியின் விலை

முதலில் டிவியின் முதுகைப் பார்த்தாள்.

ஆறு திருகாணிகள். ஒவ்வொன்றின் தலையிலும் கம்பெனியில் வைத்த சிவப்புச் சொட்டு. ஒன்றுகூட உடையவில்லை. இதுவரை எந்த மெக்கானிக்கும் இதைத் திறந்ததில்லை.

பிறகு பெட்டி. தேக்கு. இருபுறமிருந்தும் இழுத்து மூடும் மரக் கதவு. அதற்குப் பூட்டு. ஆச்சரியமாக, சாவியும்.

பழைய டிவிகளைச் சேர்ப்பவள் அவள்; இப்படியொன்றை ஒன்பது வருடமாகத் தேடுகிறாள். கேள்விப்பட்ட ஊருக்கெல்லாம் ஓடியிருக்கிறாள். ஓரிடத்தில் அது செருப்பு அலமாரி ஆகியிருந்தது. இன்னோரிடத்தில் உள்ளே கோழி முட்டையிட்டிருந்தது.

ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறிவிடும்.

கொட்டாவி விட்டாள்.

"ஓடி பதினோரு வருசமாச்சுங்க அம்மணி," என்றார் குப்புராஜ், வீட்டுக்காரர்.

ஓடாத டிவியை ஏன் பழுது பார்க்கக் கொடுக்கவில்லை என்று கேட்டாள்.

"வசந்தாமணி உடலீங்க. எங்கூட்டுக்காரி. கீள உளுந்து இடுப்பு போனதுல இருந்து இந்தக் கட்டல்லதான் கெடந்தா. ஒருக்களிச்சு இந்தப் பக்கமாத்தான் படுக்க முடியும். டிவிய எடுக்கறேன்னாலே அளுவா. நின்னுபோன டிவிய நாள் பூராப் பாத்துட்டே கெடப்பாளுங்க. புத்தி கொஞ்சம் தடுமாறிப் போச்சுன்னு நானும் உட்டுட்டேன்."

வசந்தாமணி போய் நாலு மாதம். இந்த டிவி இருக்கும் இடத்துக்கு மகன் புதுசு வாங்கி அனுப்புகிறானாம்.

கண்ணாடியைப் பார்த்துவிட்டு விலை சொல்கிறேன் என்றாள். டீ போடப் பால் இல்லை என்று குப்புராஜ் கடைக்குக் கிளம்பினார்.

கண்ணாடி மட்டும் பாக்கி. கீறல் இருந்தால் பாதி விலைதான். அணைந்த கண்ணாடியில், பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்போதுதான் கீறல் தன்னைக் காட்டிக்கொடுக்கும். குனிந்து பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். இன்னும் தாழ வேண்டும். யாருமில்லை என்பதை உறுதி செய்துகொண்டு ஒருக்களித்துப் படுத்தாள்.

கீறல் இல்லை.

தெரு இருந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த வாசல், கண்ணாடியில் வளைந்து, சின்னதாக, மங்கிய பச்சையில் தெரிந்தது. வாசலுக்கு அப்பால் கேட். அதற்கும் அப்பால் ஒரு முருங்கை மரம். இலைகள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் அசைந்தன.

ஒரு பெண் குடத்தோடு போனாள். ஓரத்துக்குப் போகப் போக மெலிந்து, காணாமல் போனாள்.

ஓர் ஆடு வந்து நின்றது. யோசித்தது. போய்விட்டது.

சத்தமெல்லாம் பின்னால் கேட்டது. படமெல்லாம் முன்னால் ஓடியது.

எழுந்திருக்கத் தோன்றவில்லை. யாரோ வரவேண்டியிருக்கிறது என்று மட்டும் இருந்தது. வரும்வரை இப்படியே கிடக்கலாம். மணி மூன்றா, நாலரையா. அது எங்கோ வேறு வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

கேட் திறந்தது.

கண்ணாடிக்குள் விரல் உயரத்தில் ஒரு மனிதர். கையில் பால் பாக்கெட். கொண்டியைப் போட்டார். கட்டிலைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

அவள் பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"பழக்கதோசமுங்க," என்றார் உள்ளே வந்து. அவருக்கும் கூச்சமாக இருந்தது. "எப்ப வந்தாலும் கேட்டுல நின்னு கையத் தூக்கோணும்பா. முதுகக் காட்டிட்டுப் படுத்திருக்கறவளுக்கு என்ன தெரியும்னு கேட்டா சிரிப்பா. நானும் தூக்கிருவேன்."

அவருக்குத் தெரியாது.

பதினோரு வருடமாகத் தெரியாது.

வெளியே வேனில் கயிறும் கம்பளியும் தயாராக இருந்தன. சொல்லாவிட்டால் டிவி அவளுடையது. சொன்னால் அவர் கொடுக்கமாட்டார். வாயை மூடிக்கொண்டு போய்விட எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஒன்பது வருட ஆசை. லேசில் விடுமா?

"கண்ணாடி எப்படி இருக்குதுங்க?" என்றார் குப்புராஜ்.

பால் பாக்கெட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்களே பாருங்கய்யா. அவங்க படுத்த மாதிரியே படுத்துப் பாருங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்தார். மெதுவாகச் சாய்ந்து, டிவியைப் பார்க்கத் திரும்பிப் படுத்தார்.

அவள் செருப்புப் போடாமல் வாசலைத் தாண்டினாள். மண் சுட்டது. கேட்டுக்கு வெளியே போய் மூடினாள். பிறகு திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கொண்டியைப் போட்டாள்.

கையைத் தூக்கினாள்.

வீட்டுக்குள், முதுகைக் காட்டிப் படுத்திருந்தவரின் கை மெல்ல மேலே எழுந்தது.