மாமனாரின் டைனமோ

"டைனமோ போச்சு மாப்பிள்ளை. பேட்டரில சார்ஜ் ஏறல. அதான் வண்டியை எடுக்கறதில்ல."

யார் கேட்டாலும் என் மாமனாருக்கு இதுதான் பதில். கிட்டத்தட்ட அவர் வயதுள்ள டிராக்டர் ஒன்று கொட்டகையில் சும்மா நிற்கிறது. மனிதரோ விளைந்ததைச் சந்தைக்கு அனுப்ப வாடகை வண்டியைக் கூப்பிடுகிறார். சரி பண்ணலாமே மாமா என்றால் "பார்க்கலாம்" என்பார். காசை இறுக்கிப் பிடிக்கிற ஆள் என்று முடிவு கட்டினேன். அடுத்தவர்களைப் பற்றி முடிவு கட்ட எனக்கு எப்போதுமே அதிக நேரம் தேவைப்படாது.

எனக்கு வேலை ஆபீசில், கம்ப்யூட்டர் முன்னால். வீட்டில் ஃபியூஸ் போனால் எலக்ட்ரீஷியன் வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கும் ரகம். ஆனாலும் பழைய டைனமோவைத் தூக்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் இந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் போடுவது எப்படி என்று நாலு வீடியோ பார்த்ததும் எனக்குள் ஒரு மெக்கானிக் பிறந்துவிட்டான். லீவு போட்டுவிட்டு மாமனார் வீட்டுக்கு வந்து இறங்கினேன்.

மாமனார், "எதுக்கு மாப்பிள்ளை சிரமம்" என்று இழுத்தார். நான் விடவில்லை. வேண்டாம் என்று மாப்பிள்ளை முகத்துக்கு நேராகச் சொல்ல எந்த மாமனாருக்கு வாய் வரும்? அத்தை, "வந்த இடத்துல கையை அழுக்காக்கிக்காதீங்க" என்றார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். என் மனைவி மட்டும் வெளிப்படையாகவே சிரித்தாள்.

பழைய டிராக்டர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் வண்டியின் உடம்போடு சேர்த்திருப்பார்கள். ஆல்டர்னேட்டருக்கு அதை நேர்மாறாக மாற்ற வேண்டும். இந்த விஷயம் நான் பார்க்காத ஐந்தாவது வீடியோவில் இருந்தது. முதல் ஆல்டர்னேட்டர் புகையாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதை மனைவிக்குத் தெரியாமல் வாங்கி வந்து மாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொட்டதும் வண்டி கிளம்பியது. சார்ஜ் காட்டுகிற முள் ஏறி நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரையும் வெளியே கூப்பிட்டேன். கேட்டை நானே விரியத் திறந்து வைத்தேன்.

"ஏறுங்க மாமா. ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன், காணோம். வண்டியும் நகரவில்லை. கேட் பக்கத்தில் நின்றிருந்த அத்தையையும் என் மனைவியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, என்னைப் பக்கத்தில் ஏறி உட்காரச் சொன்னார். மட்கார்டில் தொற்றிக்கொண்டேன்.

இன்ஜின் போடுகிற சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. அந்தத் தைரியத்தில் என் காதருகே குனிந்தார்.

"எனக்குப் பக்கவாட்டுல வர்றது எதுவும் தெரியல மாப்பிள்ளை. கண் நரம்பு கெட்டுப்போச்சு, இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஒருநாள் ரோட்டுல சைக்கிள்ல ஒரு பொண்ணு. அது கத்தினப்புறம்தான் பக்கத்துல இருக்குன்னே தெரிஞ்சுது. அன்னைக்கோட ஓட்டறதை விட்டுட்டேன்."

"வீட்டுல சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொன்னா நான் கிழவன். டைனமோ போச்சுன்னா வண்டிதான் கிழம்."

"அப்போ அந்த டைனமோ?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு. பேட்டரி எர்த் வயரைக் கழட்டி வெச்சிருந்தேன், அவ்வளவுதான். உங்க அத்தை கடைக்குப் போனதும் மாட்டி, கொஞ்ச நேரம் ஓட விட்டுச் சத்தம் கேப்பேன். அவ வர்றதுக்குள்ள கழட்டிடுவேன்."

வேலை தொடங்குமுன் பேட்டரி வயரைக் கழட்டு. முதல் வீடியோவின் முதல் பாடமே அதுதான். நான் போனபோது அது ஏற்கெனவே கழன்று கிடந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சந்தோஷப்பட்டேனே தவிர, அதை மாட்டி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. நன்றாக இருந்த டைனமோவைப் பிடுங்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

கேட் திறந்தே இருந்தது. அத்தையும் மனைவியும் வண்டி நகரக் காத்திருந்தார்கள்.

"ஏதோ கருகுற வாசனை வருது மாமா, நிறுத்துங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கீழே குதித்தேன். பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டு அந்த வயரைக் கழட்டினேன். மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். வண்டி மூச்சு விடவில்லை.

"எங்கேயோ சொதப்பிட்டேன் போலிருக்கு" என்று அசடு வழிந்தேன். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை, எனக்கு அது இயல்பாகவே வரும்.

"ஆளைக் கூப்பிடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?" என்றாள் மனைவி. மாமனார் நிதானமாக இறங்கி வந்து, பாவம் மாப்பிள்ளை ஆசைப்பட்டுச் செய்தார், அவரை ஒன்றும் சொல்லாதே என்று மகளை அடக்கினார். குரலில் பழைய கம்பீரம் வந்திருந்தது.

கை கழுவக் குழாயடிக்குப் போனேன். பின்னாலேயே அத்தை துண்டோடு வந்தார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"நல்லா கழட்டிட்டீங்கல்ல மாப்பிள்ளை?"

"எதை அத்தை?"

"அந்த வயரைத்தான். அவர் கழட்ட மறந்த அன்னைக்கெல்லாம் நான்தானே போய்க் கழட்டி வெப்பேன்."